செல்லோ எப்போது வாய் திறந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஹைடனின் பியானோ ட்ரையோக்களில் செல்லோ எதற்கு இருக்கிறது என்றே புரியவில்லை. பியானோவின் இடது கை வாசிப்பதையே அதுவும் வாசிக்கிறது. பிராம்ஸிலோ முதல் மெட்டையே செல்லோதான் பாடுகிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது சரியா? புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?"

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஹைடனின் பெரும்பாலான ட்ரையோக்களில் செல்லோக்காரரின் தாளை எடுத்துப் பியானோ தாளுக்குப் பக்கத்தில் வைத்தால், இடது கையின் அடிச் சுரங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்த மாதிரிதான் இருக்கும். அங்கங்கே நாலு இடத்தில் விலகும், மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதை ஹைடனின் குறையாக எடுத்துக்கொண்டு அந்தத் தட்டுகளை ஓரம் கட்டிவிடாதீர்கள். அவர் எழுதியதிலேயே மிக நல்ல இசையில் ஒரு பங்கு அங்கேதான் கிடக்கிறது. என்னைக் கேட்டால் பியானோ, வயலின், செல்லோ என்ற இந்த மூவர் கூட்டின் கதையே அந்தச் செல்லோவின் கதைதான். அதனால் அதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவை அச்சாகி விற்பனைக்கு வந்தபோது மேலட்டையில் 'ட்ரையோ' என்று இருப்பது அபூர்வம். "ஹார்ப்சிகார்டுக்கோ பியானோஃபோர்ட்டேவுக்கோ ஆன சொனாட்டாக்கள், வயலினும் செல்லோவும் துணையாக" என்பதுதான் வழக்கமான வாசகம். நம் கச்சேரிச் சொல்லில் சொன்னால் அவை இரண்டும் பக்கவாத்தியம். பாடகரின் பின்னாலேயே நிழல் மாதிரி வருகிற வயலினைப் பார்த்து 'இது எதற்கு' என்று நாம் கேட்பதில்லை இல்லையா?

இந்தத் தாள்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுக்காரர்கள். அந்த வீடுகளில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒரு பெண். சின்ன வயதிலிருந்தே ஆசிரியர் வைத்துப் பியானோ கற்றவர். அண்ணனோ கணவரோ விருந்தாளியோ வயலினையும் செல்லோவையும் ஓய்வு நேரத்தில் தொடுகிறவர்கள். எனவே கஷ்டமெல்லாம் பியானோவுக்கு, மற்ற இருவருக்கும் மரியாதை கெடாத அளவுக்கு வேலை. ஹைடனின் லண்டன் கால ட்ரையோக்களை யாருக்குச் சமர்ப்பித்திருக்கிறார் என்று பாருங்கள். 1795இல் வந்த மூன்று, ரெபெக்கா ஷ்ரோட்டர் என்ற விதவைக்கு. அவர் ஹைடனிடம் பாடம் கேட்டவர். அவர் ஹைடனுக்கு எழுதிய கடிதங்களில் பாடத்தைத் தாண்டிய அன்பு வெளிப்படையாகவே தெரியும். 1797இல் வந்த மூன்று, பியானோ மேதை கிளெமென்டியிடம் பயின்ற தெரேசா ஜான்சனுக்கு. அவர் உண்மையிலேயே பெரிய கை. அந்த மூன்றின் பியானோ பகுதிகள் இன்றைக்கும் லேசானவை அல்ல.

வீட்டுக் காரணம் பாதிதான். மீதிப் பாதி மரமும் கம்பியும். அன்றைய ஃபோர்ட்டே பியானோவுக்கு மரச் சட்டம், மெல்லிய கம்பி, தோல் போர்த்திய சின்னச் சுத்தியல், ஐந்து ஆக்டேவ், அதாவது ஐந்து ஸ்தாயி, அளவுக்குக் கட்டைகள். ஒரு சுரத்தைத் தட்டினால் பளிச்சென்று வரும், ஆனால் சீக்கிரம் அவிந்துவிடும். கீழ்ப் பகுதி இன்னும் மெலிவு. வில் போட்டு வாசிக்கிற செல்லோ அந்த அடிச் சுரத்தைப் பிடித்து நீட்டிக் கொடுத்தால் முழு இசைக்கும் ஒரு தரை கிடைக்கிறது. அப்போது செல்லோ தனியாகக் கேட்காது, பியானோவின் கீழ்ப்பகுதிக்கே சதை போட்டது போல இருக்கும். அதுதான் நோக்கமும். இன்றைய கச்சேரி கிராண்டில் இரும்புச் சட்டமும் தடித்த கம்பிகளும் சேர்ந்து அந்த வேலையைத் தாங்களே செய்துவிடுகின்றன. அதனால்தான் செல்லோ வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி உங்களுக்குக் கேட்கிறது. இந்த விஷயத்தில் ஹைடனைவிட இந்த நவீனப் பியானோவைச் செய்கிற ஸ்டைன்வேயைத்தான் குறை சொல்ல வேண்டும். ராபர்ட் லெவின், வேரா பெட்ஸ், அன்னர் பில்ஸ்மா மூவரும் பழைய வகைக் கருவிகளில் ஹைடனின் கடைசி ட்ரையோக்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நவீனப் பியானோ பதிவுக்கு வந்தால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

தெரேசா ஜான்சனுக்கான ஈ மேஜர் ட்ரையோவின் தொடக்கத்தை மட்டும் ஒரு முறை கேளுங்கள். ஹைடனின் படைப்புகளுக்கான ஹோபோகன் பட்டியலில் 15ஆம் பிரிவில் 28ஆம் எண். வயலினும் செல்லோவும் வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டுகின்றன, பியானோ அதே சுரங்களை அதன்மேல் வைக்கிறது. ஹார்ப் மாதிரி, ஆனால் ஹார்ப் இல்லை. உலகத்தில் இல்லாத ஒரு நாலாவது வாத்தியம் சில நொடிகளுக்குப் பிறந்து மறைகிறது. அடுத்த பகுதியில் மூவரும் ஒரே வரியை ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பிறகு பியானோ மட்டும் தனியே அந்த அடிவரியை இடது கையில் நடத்திக்கொண்டே போகும். செல்லோவுக்குச் சொந்தமாக எதுவும் எழுதாமலே இவ்வளவு செய்திருக்கிறார். ஷ்ரோட்டருக்குக் கொடுத்த ஜி மேஜர் ட்ரையோவின் ஹங்கேரிய பாணி முடிவுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அது கொண்டாட்டமான இசைதான், ஆனால் அதை மட்டும் கேட்டு ஹைடனை முடித்துக்கொள்ள வேண்டாம்.

ஹைடன் பேரில் இருக்கிற 45 சொச்சம் ட்ரையோக்களில் பட்டியலில் 3, 4 என்று வருகிற இரண்டு அவருடையவை அல்ல, அவருடைய மாணவர் ப்ளெயெல் எழுதியவை. அவற்றைத் தன்னுடையவை என்று லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு ஹைடனே அனுப்பி வைத்தார். பெரிய மனிதர்களுக்கும் கெடு தேதி உண்டு போலிருக்கிறது.

சரி, மொட்சார்ட். 1776இல் எழுதிய முதல் ட்ரையோவில் அவருடைய செல்லோவும் இடது கையின் வால்தான். பத்து வருடம் கழித்து 1786இல் எழுதிய ஜி மேஜர், பி ஃப்ளாட் இரண்டிலும் செல்லோ மெல்லத் தலையை நிமிர்த்துகிறது. வயலினுடன் ஜோடி சேர்ந்து பியானோவுக்குப் பதில் சொல்கிறது. பி ஃப்ளாட் (பட்டியல் எண் கே. 502), மொட்சார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களை விரும்புகிறவர்களுக்கு உடனே பிடிக்கும், ஏறக்குறைய அதே பேச்சு. 1788 கோடையில், கடைசி மூன்று சிம்ஃபொனிகளை எழுதிய அதே வாரங்களில், ஈ மேஜர் ட்ரையோவையும் முடித்தார். கடன் கேட்டு புக்பெர்க் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே, உங்கள் வீட்டில் மறுபடி எப்போது சின்னக் கச்சேரி வைக்கலாம், புது ட்ரையோ ஒன்று எழுதி வைத்திருக்கிறேன் என்று சேர்த்து எழுதுகிறார். இந்த இசை எங்கே, யாருக்காக வாசிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

பீத்தோவன் வந்து இந்த வீட்டுச் சாமானை மேடைச் சாமான் ஆக்குகிறார். ஓபஸ் 1, அதாவது முதல் படைப்பு, என்ற எண்ணைப் போட்டு உலகத்துக்கு முன் நிற்க அவர் தேர்ந்தெடுத்தது மூன்று பியானோ ட்ரையோக்களை. 1795, வியன்னா, அர்டாரியா பதிப்பு. முன்பதிவு செய்து வாங்கியவர்களே 120 பேருக்கு மேல். ஹைடனும் மொட்சார்ட்டும் ட்ரையோவை இரண்டு அல்லது மூன்று பகுதிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த இளைஞர் சிம்ஃபொனிக்குப் போடுவது போல நான்கு பகுதிகள் போட்டார். மூன்றாவதான சி மைனர் ட்ரையோவை அச்சிட வேண்டாம் என்று ஹைடன் சொன்னதாகவும், பீத்தோவன் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டதாகவும் அவருடைய மாணவர் ஃபெர்டினாண்ட் ரீஸ் எழுதி வைத்திருக்கிறார். தேதிகளைப் பார்த்தால் அந்தக் கதை அப்படியே நடந்திருக்குமா என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த ட்ரையோவைக் கேட்டால், வரவேற்பறையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எதற்காகக் கலங்கியிருப்பார்கள் என்று புரியும்.

செல்லோ முழுதாக வாய் திறப்பது 1808இல், மேரி எர்டோடி என்ற சீமாட்டிக்குச் சமர்ப்பித்த ஓபஸ் 70இன் இரண்டு ட்ரையோக்களில். முதலாவது டி மேஜர். மூன்று வாத்தியங்களும் ஒரே வரியைச் சேர்ந்தாற்போல் கத்திக்கொண்டு ஓடி வந்து, அந்த ராகத்துக்கே சொந்தமில்லாத ஒரு சுரத்தில் முட்டி நிற்கின்றன. புழுதி அடங்குவதற்குள் செல்லோ மட்டும் அந்தச் சுரத்தைப் பிடித்து நீட்டி, அதிலிருந்தே ஒரு இனிமையான மெட்டை இழுத்து எடுக்கிறது. இருபது வருடம் முன்னால் இடது கையின் நிழலாக இருந்த வாத்தியம்தான் இங்கே முட்டுச்சந்திலிருந்து வழி காட்டுகிறது. நடுப் பகுதி மிக மெதுவான, இருண்ட இசை. பியானோ அடித்தளத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டால் ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி நினைவுக்கு வருகிறது என்று பீத்தோவனின் மாணவர் செர்னி சொன்னதிலிருந்து இதற்கு 'பேய் ட்ரையோ' என்று பெயர். பீத்தோவன் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது மாக்பெத் ஆபெரா. பேய் எந்த நாடகத்தினுடையது என்பது ரசிகர்களின் பழைய சண்டை, அதில் நான் தலையிடவில்லை. இரண்டாவது ட்ரையோ, ஈ ஃப்ளாட், பேய்ப் பெயர் இல்லாத பாவத்துக்காகக் குறைவாகவே வாசிக்கப்படுகிறது. அது தொடங்குவதே தனிச் செல்லோவில்தான்.

அடுத்தது 1811இல் முடித்த 'ஆர்ச்டியூக்'. ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃப் பீத்தோவனின் மாணவர், புரவலர். அவருக்குச் சமர்ப்பித்ததால் அந்தப் பெயர். இங்கே மூவருக்கும் சொத்துப் பிரிவினை முடிந்துவிட்டது. தொடக்க மெட்டைப் பியானோ அவசரமில்லாமல் விரித்துப் போட, மற்ற இருவரும் வந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பகுதி தனிச் செல்லோ ஒரு சாதாரண ஆரோகணத்தை ஏறுவதில் தொடங்குகிறது. பாட ஆரம்பிக்கிற பையன் சரளி வரிசை சொல்கிற மாதிரி. வயலின் அதற்குப் பதில் சொல்லும், அதற்குள்ளேயே விளையாட்டு தொடங்கிவிடும்.

இதன் முதல் பொது நிகழ்ச்சி 1814 ஏப்ரல் 11 அன்று வியன்னாவில் ஓர் ஓட்டலில் நடந்தது. வயலின் ஷூப்பான்ஸிக், செல்லோ யோசஃப் லிங்கே, பியானோவில் பீத்தோவனே. காது ஏறக்குறையப் போய்விட்ட காலம். ஒத்திகையைக் கேட்ட வயலின் கலைஞர் ஷ்போர் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார்: பலமாக வாசிக்க வேண்டிய இடங்களில் கம்பிகள் கடகடக்கும்படி அடித்தார், மெதுவான இடங்களில் சத்தமே எழாதபடி கட்டைகளைத் தொட்டதால் கூட்டம் கூட்டமாகச் சுரங்கள் விழுந்துபோயின. பியானோவும் சுருதி கலைந்து கிடந்தது, அவருக்குத்தான் கேட்காதே. அதற்குப் பிறகு பீத்தோவன் பியானோவில் பொது மேடை ஏறியது அபூர்வம். இவ்வளவு நிதானமும் இதமும் உள்ள இசை அந்தக் கைகளில் அந்த நிலையில் முதன்முதலாக வெளியே வந்தது என்பதை நினைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியைக் கேட்டால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். அது டி மேஜரில், கோயில் பாட்டு போலத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சுரங்கள் பொடியாகிக்கொண்டே போகிற ஒரு மாறுபாட்டுத் தொடர்.

அதே ஷூப்பான்ஸிக், அதே லிங்கே 1827 டிசம்பர் 26 அன்று வியன்னாவில் இன்னொரு புது ட்ரையோவை வாசித்தார்கள், இந்த முறை பியானோவில் பொக்லெட் என்பவர். ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட், பட்டியல் எண் டி. 929. பீத்தோவன் அந்த மார்ச் மாதம்தான் இறந்திருந்தார். மறு வருடம் மார்ச் 26, பீத்தோவனின் முதல் நினைவு நாளன்று, ஷூபர்ட் தன் இசை மட்டுமே கொண்ட ஒரு பொதுக் கச்சேரி வைத்தார். அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அது ஒன்றுதான். அதிலும் இந்த ட்ரையோ இருந்தது.

எல்லா ட்ரையோக்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் எடுப்பது இதைத்தான். காரணம் இரண்டாம் பகுதி. பியானோ ஒரே சீராக, சோர்ந்து நடக்கிறவரின் காலடி மாதிரித் தட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் செல்லோ சி மைனரில் ஒரு மெட்டைப் பாடுகிறது. வியன்னாவுக்கு வந்திருந்த ஈசாக் ஆல்பர்ட் பெர்க் என்ற ஸ்வீடன் பாடகர் பாடிய, சூரியன் சாய்கிறது என்று தொடங்கும் பாட்டு ஒன்றிலிருந்து ஷூபர்ட் எடுத்துக்கொண்ட சாயல் அது. 'பாரி லிண்டன்' படத்தில் கேட்டிருப்பீர்கள். படத்தில் கிடைக்காதது ஒன்று உண்டு. அந்த மெட்டு இரண்டாம் பகுதியோடு முடிந்துபோகவில்லை. நாலாம் பகுதி உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும் நடுவில், எதிர்பாராத இடத்தில், செல்லோ அதை மறுபடி எடுத்துக்கொண்டு வருகிறது. கடைசிக்குக் கொஞ்சம் முன் இன்னொரு முறை. அந்த முறை மைனரின் சோகத்திலிருந்து மேஜரின் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு பகுதியின் மெட்டு இன்னொரு பகுதியில் நினைவாக வந்து நிற்பது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை. பிற்பாடு வந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய கட்டடங்கள் கட்டினார்கள்.

நாலாம் பகுதி நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஷூபர்ட்டே அதில் ஏறக்குறைய நூறு பார்களை (தாளக் கட்டங்களை) வெட்டிவிட்டு, அந்த வெட்டுகளை அப்படியே கடைப்பிடிக்கச் சொல்லி லைப்சிக் பதிப்பாளர் புரோப்ஸ்டுக்குக் கண்டிப்பாக எழுதினார். யாருக்குச் சமர்ப்பணம் என்று கேட்டதற்கு, இதில் இன்பம் காண்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இல்லை, அதுதான் லாபகரமான சமர்ப்பணம் என்று பதில். கைக்கு வந்த பணம் 20 சொச்சம் ஃப்ளோரின். 1828 நவம்பர் 19 அன்று, 31 வயதில் இறந்துபோனார். வெட்டாத வடிவத்தையும் இப்போது சிலர் வாசிக்கிறார்கள். முதல் தடவை வெட்டியதைக் கேளுங்கள், பிறகு மனசு வந்தால் மற்றது. ஷூபர்ட்டின் இன்னொரு முழு ட்ரையோ, பி ஃப்ளாட், இதைவிட வெயிலானது, இதைவிடப் பிரபலம். அதன் இரண்டாம் பகுதியிலும் மெட்டை முதலில் எடுப்பது செல்லோதான்.

இதற்குப் பிறகு செல்லோவுக்கு இடம் கிடைப்பது பிரச்சினை இல்லை, பியானோவிடமிருந்து தப்பிப்பதுதான் பிரச்சினை. 1820களிலிருந்து பியானோ வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. இரும்புத் தாங்கிகள் வந்தன. 1821இல் பாரிஸ் பியானோக்காரர் எராரின் புதிய சுத்தியல் பொறி வந்தபின் ஒரே கட்டையை வேகவேகமாகத் திரும்பத் தட்ட முடிந்தது. சுத்தியல் பெரிதானது, கம்பி தடித்தது. மறுபக்கம் வயலினும் செல்லோவும் அதே மரப்பெட்டி, அதே குடல் கம்பி. இந்த மூன்றையும் சமமாக நிறுத்துவது கஷ்டமான கணக்கு. இன்றைக்கும் ட்ரையோ கச்சேரிகளில் பியானோ மூடியை முழுதாகத் திறப்பதா, சின்னக் குச்சி வைத்துக் கொஞ்சமாகத் திறப்பதா என்று ஒத்திகையில் பேச்சு நடக்கும். நான் முழுதாகத் திறக்கிற கட்சி. மூடியைச் சாத்தினால் சத்தம் குறைவதைவிடத் தெளிவுதான் அதிகம் குறைகிறது. அடக்கி வாசிக்க வேண்டியது கை.

மெண்டல்சன் 1839இல் எழுதிய டி மைனர் ட்ரையோ இந்தக் கணக்கைப் போட்ட விதம் அழகானது. முதல் நொடியிலேயே செல்லோ பாடத் தொடங்குகிறது. பியானோ அதன் கீழே, தாளத்துக்கு அரை அடி தள்ளி விழுகிற கூட்டுச் சுரங்களை மெதுவாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது பக்கவாத்தியம் இப்போது பியானோ! முதல் வடிவத்தைப் பார்த்த நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர், பியானோ பகுதி பழைய மோஸ்தராக இருக்கிறதே, பாரிஸில் ஷோப்பேனும் லிஸ்ட்டும் என்னென்ன செய்கிறார்கள் என்று குத்திக்காட்டினார். மெண்டல்சன் முணுமுணுத்துக்கொண்டே திருத்தி எழுதினார். பியானோக்காரர்கள் இன்றைக்கும் வியர்த்துக்கொண்டு அதை வாசிப்பதற்குக் காரணம் ஹில்லர். ஷூமன் இதைத் தம் காலத்தின் தலைசிறந்த ட்ரையோ என்று எழுதினார். ஷோப்பேனும் பத்தொன்பது வயதில் ஜி மைனரில் ஒரு ட்ரையோ எழுதியிருக்கிறார், செல்லோ வாசிக்கத் தெரிந்த ராட்சிவில் இளவரசருக்காக. வயலினுக்குப் பதில் வயோலா போட்டிருக்கலாமோ என்று அவருக்கே பிறகு தோன்றியது. சரியான சந்தேகம்தான்.

1846, 47 இரண்டு வருடத்தில் மூன்று ட்ரையோக்கள் வந்தன, மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கிளாரா ஷூமனின் ஜி மைனர் 1846. ஃபான்னி ஹென்சலின் டி மைனர், தங்கை ரெபெக்காவின் பிறந்தநாளுக்காக 1847 ஏப்ரலில் பெர்லின் வீட்டில் வாசிக்கப்பட்டது. ராபர்ட் ஷூமனின் டி மைனர், அதே 1847. கிளாராவுடையது கட்டுக்கோப்பானது, ஒரு சுரம் வீணில்லை. ஆனால் கணவர் எழுதியதைக் கேட்டபின் தன்னுடையது அவருக்கு அற்பமாகத் தோன்றியது, நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினார். அதை நம்ப வேண்டாம். ஃபான்னியுடையது மூன்றிலும் துணிச்சலானது. பியானோ ஆரம்பத்திலேயே அலை மாதிரி சுழல, வயலினும் செல்லோவும் அதற்கு மேலே நீண்ட மூச்சில் ஒன்றாகப் பாடுகின்றன. மே 14 அன்று, ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கான ஒத்திகையில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது, அன்றே இறந்தார். ட்ரையோ அச்சாக 1850 ஆனது. தம்பி ஃபீலிக்ஸ் மெண்டல்சன் ஆறு மாதம்கூட அக்காவுக்குப் பின் இருக்கவில்லை.

இப்போது உங்கள் பிராம்ஸ். நீங்கள் சொன்னது பி மேஜர், ஓபஸ் 8 ஆகத்தான் இருக்க வேண்டும். பியானோ நாலு பார் வழி காட்ட, செல்லோ எடுக்கிறதே, அந்த மெட்டு. இருபது வயதுப் பையன் 1854 தொடக்கத்தில் முடித்தது. அடுத்த மாதம்தான் ஷூமன் ரைன் நதியில் குதித்தார். 35 வருடம் கழித்து, 1889இல், பதிப்புரிமை கை மாறி மறுபதிப்புக்கு வந்தபோது, தாடி நரைத்த பிராம்ஸ் இதை எடுத்து உட்கார்ந்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ஸ்கெர்ட்ஸோ என்ற துள்ளலான இரண்டாம் பகுதியைத் தவிர மற்ற பகுதிகளில் பாதிக்குமேல் புதிதாக எழுதினார். இதை ஓபஸ் 8 என்பதைவிட ஓபஸ் 108 என்று அழைக்கலாம் என்று கிளாராவுக்கு எழுதினார். இன்னொரு நண்பருக்கு, விக் எதுவும் வைக்கவில்லை, தலையைக் கொஞ்சம் வாரிவிட்டேன் என்று. வாரியதா அது! மொட்டையடித்து வேறு முடி வளர்த்த மாதிரி. பழைய வடிவத்தில் அந்த முதல் மெட்டின் நடுவே வயலின் சின்னச் சின்னதாகக் குறுக்கே பேசும். புதியதில் சுமார் இருபது பார்களுக்கு வயலின் வாயே திறப்பதில்லை, செல்லோவுக்குத் தனி மேடை. நாம் எங்கும் கேட்பது இந்தப் புதியதைத்தான். ஆனால் பழையதையும் பிராம்ஸ் திரும்பப் பெறவில்லை. மற்ற எல்லாக் கிறுக்கல்களையும் அடுப்பில் போட்ட மனிதர் இதை மட்டும் விட்டுவைத்தார்.

இரண்டு வடிவத்திலும் மாறாத ஒன்று: மேஜரில் அவ்வளவு வெளிச்சமாகத் தொடங்கிய ட்ரையோ மைனரில் முடிகிறது. வழக்கம் இதற்கு நேர் எதிர். சி மேஜர், சி மைனர் என்று இன்னும் இரண்டு எழுதினார். சி மைனர், ஓபஸ் 101, இருபது நிமிடச் சொச்சம்தான், இறுக்கமான இசை. கொம்பு வாத்தியத்துக்கும் கிளாரினெட்டுக்கும் எழுதிய இரண்டு ட்ரையோக்களும் அருமை, ஆனால் நம் மூவர் கூட்டில் அவை சேராது.

அப்புறம், கிழக்கே ஒரு வழக்கம் உருவானது: யாராவது இறந்தால் ட்ரையோ எழுதுவது. தொடங்கி வைத்தது செக் நாட்டு ஸ்மெதனா என்று சொல்லலாம். 1855இல் நாலு வயது மகள் பெட்ரிஷ்கா காய்ச்சலில் போனபின் எழுதிய ஜி மைனர், வயலினின் தடித்த கம்பியில் தனியாகத் தொடங்கும். ரஷ்யாவில் சாய்கோவ்ஸ்கி. புரவலர் நடேஷ்டா ஃபான் மெக் 1880இல் ஒரு ட்ரையோ எழுதித்தரக் கேட்டார். அவர் வீட்டிலேயே ஒரு ட்ரையோக் குழு இருந்தது. பியானோவில் சம்பளத்துக்கு இருந்த 18 வயதுப் பிரெஞ்சுப் பையன் பெயர் டெபுஸி. பியானோவோடு வயலினும் செல்லோவும் சேரும் சத்தமே என் காதுக்குச் சித்திரவதை என்று சாய்கோவ்ஸ்கி பதில் எழுதிவிட்டார். மறு வருடம் நண்பரும் பியானோ கலைஞருமான நிக்கோலாய் ரூபின்ஷ்டைன் இறந்ததும், அதே சாய்கோவ்ஸ்கி ரோமில் உட்கார்ந்து முக்கால் மணி நேர ட்ரையோ ஒன்றை அவர் நினைவாக எழுதினார். தொடங்குவது யார் என்று சொல்ல வேண்டுமா? செல்லோதான். 1893இல் சாய்கோவ்ஸ்கி இறந்தபோது இருபது வயது ராக்மானினோவ் அவருக்காக ஒன்று எழுதினார். அடுத்த வருடம் அரென்ஸ்கி, செல்லோ மேதை டாவிடோவுக்காக. 1944இல் ஷொஸ்தகோவிச், நண்பர் சொல்லர்டின்ஸ்கிக்காக. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் துக்கம் அரசாங்க ஊர்வலம் ஆகிவிடும், தனிப் பியானோவில் டைரி ஆகிவிடும். மூன்று பேர் சரியான எண்ணிக்கை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

துவோர்ஷாக்கின் 'டும்கி' இந்த வரிசையில் வராது, அழுகையும் ஆட்டமும் மாறி மாறி வருகிற ஆறு பகுதி. நாலு பகுதிக் கட்டுமானத்தையே தூக்கி எறிந்துவிட்டார். 1892இல் அமெரிக்கா போகும் முன் ஊர் ஊராக விடைபெறும் சுற்றுப்பயணத்தில் அவரே பியானோவில் இதை வாசித்தார். அவர் அங்கே இருந்தபோது அச்சுப் பிழை திருத்தியவர் பிராம்ஸ். முதல் மகாயுத்தம் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ராவெல் முடித்த ட்ரையோ நம் காலகட்டத்துக்கு வெளியே போகிறது. ஆனால் சமநிலைக் கணக்குக்கு அவர் கண்ட விடை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: வயலினையும் செல்லோவையும் இரண்டு ஆக்டேவ் இடைவெளியில் ஒரே மெட்டைப் பாட விட்டு, நடுவில் காலியான இடத்தில் பியானோவைக் குடிவைத்தார். யாரும் யாரையும் மறைப்பதில்லை.

ஒரே பெயரில் அழைக்கலாமா என்றால், அழைக்கலாம், ஆனால் ஹைடனுடையது பியானோ சொனாட்டாவின் உறவுக்காரர், பிராம்ஸுடையது நாலு தந்தி வாத்தியக் குவார்டெட்டின் உறவுக்காரர் என்பதை மனசில் வைத்துக்கொண்டு. எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு: காலவரிசையை விட்டுவிடுங்கள். மெண்டல்சன் டி மைனரில் தொடங்கி, 'ஆர்ச்டியூக்', அடுத்து ஷூபர்ட் ஈ ஃப்ளாட். பதிவு என்றால், கொர்த்தோ, திபோ, கசல்ஸ் மூவரும் 1928இல் செய்த 'ஆர்ச்டியூக்' கரகரப்போடுதான் கேட்கும், பரவாயில்லை. நல்ல ஒலியில் வேண்டும் என்றால் போஸார் ட்ரையோ. 1955இல் தொடங்கி 2008 வரை நீடித்த குழு. வயலினும் செல்லோவும் ஆள் மாறின, பியானோவில் மட்டும் மெனஹெம் ப்ரெஸ்லர் அத்தனை வருடமும் அசையவில்லை. ஹைடனின் எல்லா ட்ரையோக்களையும் பதிவு செய்தார்கள், 1979இல் கிராமஃபோன் பத்திரிகை அதை வருடத்தின் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தது. பிராம்ஸ் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மேலே சொன்ன ஈ மேஜர் ஹைடனை முதலில் லெவின் குழுவிலும் அடுத்து இவர்களிடமும் கேளுங்கள். மெட்டை விட்டுவிட்டு அடிச் சுரத்தை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே போங்கள். பழைய கருவியில் எந்த இடத்தில் பியானோ முடிந்து செல்லோ தொடங்குகிறது என்று பிரிக்க முடிகிறதா, பாருங்கள்.